இரண்டாம் வேற்றுமை

பாரிசின் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், இரண்டு பழைய குடியிருப்புகளுக்கு நடுவே தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் புனித உர்சின் பள்ளியில், ஜெர்மேன் பதினெட்டு ஆண்டுகளாகச் செயலாளர் வேலை பார்த்து வந்தாள். அவள் தட்டச்சு செய்த கடிதத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறி விழுந்ததாகச் சரித்திரமே இல்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை அவள் வெளியே காட்டிக்கொள்வதில்லை என்பதில் அதைவிடப் பெரிய பெருமை உண்டு.

பள்ளி சிறியது. காலையில் செபம், அதன்பின் பாடம். மற்றப் பள்ளிகள் எல்லாம் லத்தீனைப் பழைய நாற்காலியைப் போல் மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஆரம்பப் பள்ளிக்கு அடுத்ததான கொலேஜின் முதல் வகுப்பிலேயே அதைக் கட்டாயமாகக் கற்பித்தார்கள். தலைமை ஆசிரியரும் அவரே, லத்தீன் ஆசிரியரும் அவரே: அபே பெர்னார் என்ற பாதிரியார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் தனியார் பள்ளிகள்மீது கை வைக்க எண்ணியபோது, இலட்சக்கணக்கான பெற்றோருடன் தெருவில் நடந்து காலில் கொப்புளம் வாங்கிக்கொண்டவர். அந்தக் கொப்புளத்தை இன்றைக்கும் ஒரு பதக்கம்போல் பேச்சில் அணிந்துகொள்வார்.

ஜெர்மேன் பிறந்தது புதுச்சேரியில், வளர்ந்தது சைகோனில். பதினெட்டாம் வயதில் பாரிசுக்கு வந்தவள், அதன்பின் வேறெங்கும் போகவில்லை. தமிழ் அவளுக்குச் சாப்பாட்டு மேசை மொழி. தாயும் தகப்பனும் பேசக் கேட்டது. அவர்கள் போனபின் மேசையும் மௌனமாகிவிட்டது. லா ஷப்பெல் பக்கம் யாழ்ப்பாணத்தாரும் மன்னார்க்காரரும் வந்து கடைகள் முளைத்தபோது, யாராவது “நீங்களும் அவர்களில் ஒருவரா?” என்று கேட்டால், “நான் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரி” என்பாள். ஆனால் அபே பெர்னார், “மன்னாரிலிருந்து ஒரு தாய் வருகிறாள், உங்களுக்கு அவள் மொழி தெரியுமா?” என்று கேட்டபோது, “என் தாய்மொழியாயிற்றே, மோன் பேர்” என்று, பாதிரியாரைத் தந்தை என அழைக்கும் பிரெஞ்சு வழக்கப்படி, சொல்லிவிட்டாள். ஆழம் பார்க்காமல் காலை விட்டது அங்கேதான்.

1987ஆம் ஆண்டு ஜூன் மாதம், பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை, அந்தத் தாய் சுகிர்தம் மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தாள். கணவன் மடுத்தீனுக்கு லா கூர்னெவில் ஒரு சரக்குக் கிடங்கில் பகல் வேலை, வர முடியவில்லை. பதினொரு வயது மகள் பியட்றிஸ் இறுக்கப் பின்னிய இரட்டைச் சடையுடன் வெளியே நடைவழி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பெற்றோருடன் பேசும்போது பிள்ளை உள்ளே இருக்கக் கூடாது என்பது அபேயின் வழக்கம்.

மேசைமேல் பியட்றிஸின் கோப்பு விரிந்து கிடந்தது. கணக்கில் முழு மதிப்பெண். பிரெஞ்சுச் சொல்வதெழுதலில் முப்பத்தொரு பிழை. ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார்: “வகுப்பில் வாய் திறப்பதில்லை. இயலாமையா, பிடிவாதமா, தெரியவில்லை.” முதல் வகுப்பில் மீதம் இருந்தது ஒரே ஓர் இடம். அது கிடைக்காவிட்டால், பின்தங்கிய பிள்ளைகளுக்கான பிரிவில் சேர்ப்பார்கள். அங்கிருந்து பெரும்பாலும் நேரே தையல் பயிற்சிக்குத்தான் போக வேண்டும். தையல் தாழ்ந்த தொழில் அல்ல. ஆனால் பதினொரு வயதில் அதைப் பிள்ளைக்காக வேறு யாரோ முடிவு செய்வதைச் சுகிர்தத்தால் ஏற்க முடியவில்லை.

“இந்தப் பிள்ளை பேசவே மாட்டாளா என்று தாயைக் கேளுங்கள்,” என்றார் அபே.

ஜெர்மேன் திரும்பினாள். “அம்மா, உங்க பொண்ணு பேசுவாளா?”

சுகிர்தத்தின் முகம் வெளிறியது. “பேசுறதோ? இல்லை மதாம். ஆண்டவர் அறிய, அவள் ஒருத்தரையும் பேசமாட்டாள். எங்கடை வீட்டிலை அந்தப் பழக்கமே இல்லை.”

“யாருடனும் பேச மாட்டாளாம், மோன் பேர். கடவுள் சாட்சியாகச் சொல்கிறாள்.”

“வீட்டிலுமா?”

“வீட்லயும் இப்படித்தானா?”

“வீட்டிலையோ? வீட்டிலை எந்நேரமும் கதைதான் மதாம். காலமை எழும்பினால் படுக்குமட்டும் கதை. தேப்பனைக் கண்டால் இன்னும் கூட.” சுகிர்தம் இப்போதுதான் சற்றே சிரித்தாள்.

ஜெர்மேனுக்கு வியப்பாக இருந்தது. பெற்ற பிள்ளையைத் தாயே இப்படிக் காட்டிக்கொடுப்பாளா? ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி பெயர்ப்பது அவள் கடமை. “வீட்டில் காலை முதல் இரவு வரை கதை விடுகிறாளாம். தகப்பனிடம் இன்னும் அதிகமாம்.”

கதை விடுவது என்றால் பாரிசிலும் புதுச்சேரியிலும் ஒரே பொருள்தான். அபேயின் பேனா நின்றது. பிறகு கோப்பின் ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதியது. தலைகீழாக இருந்தாலும் ஜெர்மேனால் படிக்க முடிந்தது: பொய்க்காரி.

தாயும் மகளும் போனபின் அபே சொன்னார்: “வாய் திறக்காதவளைத் திறக்க வைக்கலாம். திறந்தால் பொய் சொல்கிறவளை நான் என்ன செய்வது? மறுப்புக் கடிதம் ஒன்று அடித்து வையுங்கள். சனிக்கிழமை கையெழுத்திடுகிறேன்.”

வெள்ளிக்கிழமை காலை ஜெர்மேன் அந்தக் கடிதத்தை அடித்தாள். அழகான கடிதம். “ஆழ்ந்த வருத்தத்துடன்” என்ற தொடர் இரண்டு இடங்களில் வந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு ரூ காய் தெருவில் பேனாட்டின் பலசரக்குக் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனாள். பேனாட் யாழ்ப்பாணத்துக்காரன், கை வேலையைவிட வாய் வேலை அதிகம். அவன் நிறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது.

“அக்கா, ரெண்டு நிமிசம் பொறுங்கோ. அண்ணை கொழும்பிலை இருந்து எடுக்கிறார். கதைச்சுப்போட்டு வாறன்.”

இரண்டு நிமிடம் பத்தாயிற்று. அவன் திரும்பி வந்ததும் ஜெர்மேன், “அண்ணனுக்குக் கதை சொல்லி முடிச்சாச்சா?” என்று இடித்துக் கேட்டாள்.

“கதை சொல்லேல்லை அக்கா, கதைச்சனான். நீங்கள் பாண்டிச்சேரி ஆக்கள் பேசுறது எண்டு சொல்லுவியளே, அதைத்தான் நாங்கள் கதைக்கிறது எண்டுறம்.”

“அப்போ பேசறதுன்னா உங்களுக்கு என்ன?”

“பேசுறதெண்டால் ஏசுறது. வாய்க்கு வந்தபடி திட்டுறது. போன மாசம் உங்கடை ஆள் ஒருத்தர் வந்து, ‘முதலாளிகிட்டக் கொஞ்சம் பேசணும்’ எண்டு சொன்னார். என்ன பிழை விட்டனோ தெரியேல்லையே, ஏன் இந்த மனுசன் என்னைப் பேச வந்து நிக்குது எண்டு யோசிச்சுக்கொண்டு போனன். ஆள் அப்பளம் இருக்கோ எண்டு கேட்க வந்தவர்.” பேனாட் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, “முருங்கைக்காய் இன்னும் ரெண்டு போடட்டோ?” என்றான்.

ஜெர்மேன் அதற்குள் வாசல் பக்கம் நடந்துவிட்டிருந்தாள்.

ஓர் ஆற்றின் இரு கரையிலும் கொக்குகள் வாழ்ந்தனவாம். அக்கரைக் கொக்கு கழுத்தை நீட்டினால், மீன் இருக்கிறது, வா என்று பொருள். இக்கரைக் கொக்கு கழுத்தை நீட்டினால், வேடன் வருகிறான், ஓடு என்று பொருள். ஒரு நாள் வெள்ளத்தில் மரம் ஒன்று சாய்ந்து ஆற்றுக்குப் பாலமாயிற்று. அக்கரைக் கொக்கு விருந்துக்கு அழைத்தது. இக்கரைக் கொக்கு அலறிக்கொண்டு பறந்தது. அன்று மாலை இரண்டும் தத்தம் கூட்டில் ஒன்றையே சொல்லிக்கொண்டன: “பார்த்தால் கொக்குதான். ஆனால் பண்பு போதாது.” வேற்று இனப் பறவையாக இருந்திருந்தால், ‘அது என்ன சொல்கிறதோ’ என்று இரண்டும் ஒரு கணம் நின்று யோசித்திருக்கும்.

ஜெர்மேன் கடை வாசலில் நின்றபடியே வியாழக்கிழமைப் பேச்சை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். “பொண்ணு பேசுவாளா?” என்று தான் கேட்டது, ‘உன் பிள்ளை கண்டவரையும் திட்டுவாளா?’ என்று அந்தத் தாயின் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் முகம் வெளிறியது. “எந்நேரமும் கதைதான்” என்றது, ஓயாமல் வாயாடுகிற பிள்ளை என்று தாய் மகிழ்ந்து சொன்னது. சுகிர்தம் ‘ஒருத்தரோடும் பேசமாட்டாள்’ என்று சொல்லவில்லை, ‘ஒருத்தரையும்’ என்றாள். அந்த ஒரு ‘ஐ’யைக் காதில் வாங்கியிருந்தால் போதும், அங்கேயே தடுக்கி நின்று, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டிருக்கலாம். வாங்கவில்லை. இரண்டு சொல்லையும் கவிழ்த்து ஊற்றி, ஒரு பிள்ளைக்குப் பொய்க்காரி என்று பெயர் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

இனி, அவள் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கடிதம் அழகாக இருக்கிறது. அந்த இடத்துக்கு வேறொரு நல்ல பிள்ளை வரும். திறந்தாலோ, தாய்மொழி என்று மார்தட்டிய தமிழ் தனக்கு அரைகுறை என்பதைப் பதினெட்டு ஆண்டுகளாகத் தன்னை நம்பி வந்த மனிதரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். முருங்கைக்காய் வாங்கப் போனவள் வெறும் பையுடன் வீடு வந்து சேர்ந்தாள்; அதுகூட மறுநாள் காலையில்தான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை எட்டரை மணிக்கு அபேயின் அறைக் கதவைத் தட்டினாள்.

“மோன் பேர், நான் உங்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்னது.”

“தெரியாமல் சொன்னது பொய் ஆகாது, பிழைதான் ஆகும். உட்காருங்கள்.”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முடிவில், “எல்லாம் ஓர் அக்குசாத்தீவைக் கவனிக்காததால் வந்த வினை,” என்றாள். செயலை ஏற்கும் பெயரின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும் உருபை, தமிழ் இலக்கணம் இரண்டாம் வேற்றுமை என்று சொல்வதை, லத்தீன்காரர்கள் அப்படி அழைப்பார்கள். சைகோன் கன்னியர் மடத்தில் அவள் படித்தது அந்தப் பெயரைத்தான்.

அபே பெர்னார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உங்கள் மொழியில் அக்குசாத்தீவ் உண்டா?”

“உண்டு. ‘ஐ’ என்று வரும்.”

“தாத்தீவ்? கொடுக்கும் பொருளைப் பெற்றுக்கொள்கிறவருக்கு வருவது?”

“உண்டு. ‘கு’.”

“ஆக மொத்தம் எத்தனை?”

ஜெர்மேன் விரல் விட்டு எண்ணினாள். எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. “ஏழோ, எட்டோ இருக்கும், மோன் பேர்.”

“லத்தீனுக்கே ஆறுதான்.” அவர் குரலில் சிறு பொறாமைகூடத் தெரிந்தது. “பதினெட்டு ஆண்டுகள் அடுத்த அறையில் இருந்துகொண்டு இதை என்னிடம் சொல்லவில்லையே.”

“நீங்கள் கேட்கவில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை.”

அபே கோப்பை எடுத்து, ஓரத்தில் எழுதிய சொல்லை அழுத்தி அடித்தார். பின் தலையசைத்தார். “பொய்க்காரி அல்ல, சரி. ஆனால் முப்பத்தொரு பிழை எங்கும் போய்விடவில்லை. கடைசி இடத்தை இரக்கப்பட்டுக் கொடுத்தால், அந்தப் பிள்ளைக்கே நான் தீங்கு செய்தவன் ஆவேன். பதினொன்றரைக்கு அவளை அழைத்து வாருங்கள். தாயும் வரட்டும்.”

சுகிர்தத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி நான்காம் மாடியில் இருந்தது. படியேறி மூச்சு வாங்க நின்ற ஜெர்மேனைக் கண்டதும், “என்ன மதாம், தொசியேயிலை ஏதும் குறையோ?” என்று மகளின் கோப்பை நினைத்துச் சுகிர்தம் பதறினாள். ஜெர்மேன் நடந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்க இடம் தேடித் தடுமாறினாள். சுகிர்தம் முதலில் திகைத்தாள், பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நீங்கள் ‘பேசுவாளோ’ எண்டு கேட்க, இவள் அந்தப் பழைய பள்ளிக்கூடத்திலை ஆரையோ ஏசிப்போட்டாளாக்கும் எண்டு எனக்கு நெஞ்சு இடிச்சது. வீட்டை வந்து இவளுக்கு நல்ல பேச்சு. பாவம், செய்யாத குற்றத்துக்கு.”

“நான் ஆரையும் பேசேல்லை எண்டு சொன்னனான்தானே,” என்றாள் உள்ளேயிருந்து பியட்றிஸ். அப்படியொன்றும் வாய் திறக்காத குரலாக அது இல்லை.

“சத்தம் போடாமல் இரு, பெரியாக்கள் கதைக்கேக்கை,” என்றாள் தாய்.

பதினொன்றரைக்கு மூவரும் வெற்று வகுப்பறையில் இருந்தார்கள். அபே கரும்பலகையில் மூன்று பெயர்களையும் ஒரு வினையையும் எழுதினார். அக்ரிகோலா: குடியானவன். புவெல்லா: சிறுமி. ரோசா: ரோசாப்பூ. தாத்: கொடுக்கிறான், அல்லது கொடுக்கிறாள். பிறகு நிதானமான பிரெஞ்சில் விளக்கினார்: செய்கிறவர் பெயர் ‘ஆ’ என்று முடியும், பெறுகிறவர் பெயர் ‘ஏ’ என்று முடியும், கொடுக்கப்படும் பொருள் ‘ஆம்’ என்று முடியும். “விளங்கியதா?”

பியட்றிஸ் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள்.

“ஆமாம் என்கிறாள்,” என்று ஜெர்மேன் அவசரமாகச் சொன்னாள். இந்த முறை எதையும் விட்டுவிட அவள் தயாராக இல்லை.

அபே எழுதினார்: அக்ரிகோலா புவெல்லே ரோசாம் தாத். “எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்.”

பியட்றிஸ் பலகையைப் பார்த்தாள். “கமக்காரன் பிள்ளைக்கு ரோசாப்பூவைக் குடுக்கிறான்.”

ஜெர்மேன் பெயர்த்துச் சொல்ல வாயெடுத்து அப்படியே நின்றாள். அக்ரிகோலா, கமக்காரன். புவெல்லே, பிள்ளைக்கு. ரோசாம், ரோசாப்பூவை. தாத், குடுக்கிறான். ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. பிரெஞ்சில் சொல்வதற்குத்தான் அவள் வாக்கியத்தையே பிரித்துப் போட்டு மறுபடி பூட்ட வேண்டியிருந்தது.

“இது எளிது,” என்றார் அபே. ஆனால் சுண்ணக்கட்டியை விரலிடுக்கில் உருட்டத் தொடங்கியிருந்தார். பலகையை அழித்துவிட்டு எழுதினார்: ரோசாம் புவெல்லா அக்ரிகோலே தாத். அது அவருடைய பழைய பொறி. முப்பது ஆண்டுகளாக, இருக்கிற வரிசையை நம்பியே வாசித்துப் பழகிய பிரெஞ்சுப் பிள்ளைகள், ரோசாப்பூ சிறுமியைக் குடியானவனுக்குக் கொடுக்கிறது என்று எழுதி, ஆண்டுதோறும் அந்தச் சிறுமிக்குக் கல்யாணம் செய்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பியட்றிஸ் இந்தத் தடவை சற்று நேரம் எடுத்துக்கொண்டாள். சுகிர்தத்தின் விரல்கள் கைப்பைக்குள் செபமாலையைத் தேடின.

“ரோசாப்பூவைப் பிள்ளை கமக்காரனுக்குக் குடுக்குது.”

ஜெர்மேன் பெயர்த்தாள். அபே கேட்டார்: “முதல் சொல் ரோசாவாக இருக்கிறதே. கொடுப்பது ரோசா இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?”

இதற்குப் பியட்றிஸ் பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள். மெல்லிய குரல், இலக்கணம் ஓரிடத்தில் நொண்டியது. “நான் முகத்தைப் பார்க்கவில்லை, மோன் பேர். வாலைப் பார்த்தேன். எங்கள் பேச்சிலும் வாலைத்தான் பார்க்க வேண்டும்.”

அபே பெர்னார் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். திரும்பியபோது கேட்டது வேறொன்று. “சொல்வதெழுதலில் முப்பத்தொரு பிழை விட்டாய். வகுப்பில் வாய் திறக்கவில்லை. அப்படியிருக்க, இன்னொரு கடினமான மொழி உனக்கு எதற்கு?”

பியட்றிஸ் ஜெர்மேனைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: “லத்தீன் ஆருடைய பாசை மதாம்? இஞ்சை ஆர் வீட்டிலையும் இருக்கோ?”

“யார் வீட்லயும் இல்ல. இப்ப யாருக்கும் அது தாய்மொழி இல்ல.”

“அப்ப அதுதான் காரணம் எண்டு சொல்லுங்கோ. பிரெஞ்சு எண்டால் மற்றப் பிள்ளையள் எல்லாம் வீட்டிலை இருந்தே கொண்டு வருகினம். நான் வாயைத் திறக்க முதல் அவை சிரிச்சு முடிச்சிடுவினம். இதை எல்லாரும் ஒரே நாளிலை தொடங்க வேணும்.”

ஜெர்மேன் பெயர்த்தாள். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அதன் இறுதியைத் தடவிப் பார்த்து, பிறகே கீழே வைத்தாள். சிரித்தார்கள் என்ற இடத்தில் மென்மையாக்கத் தோன்றியது. மென்மையாக்கவில்லை.

அபே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “மதாம் ஜெர்மேன், இதைத் தாய்க்கு முழுமையாகச் சொல்லுங்கள். இடத்தைத் தருகிறேன். ஆனால் நவம்பர் முதல் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாள் வரைக்கும் பரீட்சார்த்தமாகத்தான். அன்றைக்கு முன் மறுபடி சொல்வதெழுதல் வைப்பேன். முப்பத்தொன்று, பதினைந்தாகக் குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் நானே அவளை மற்றப் பிரிவுக்கு அனுப்புவேன். லத்தீனில் முதலாவதாக இருந்தாலும் அனுப்புவேன்.”

ஜெர்மேன் அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சுகிர்தத்தின் கண்கள் ‘இடத்தைத் தருகிறேன்’ என்ற இடத்தில் நிறைந்து, ‘அனுப்புவேன்’ என்ற இடத்தில் அப்படியே தேங்கின. “சுவாமி, பதினாறு பிழையை எப்பிடிக் குறைக்கிறது?” என்று, யாரைப் பார்த்துக் கேட்பதென்று தெரியாமல் கேட்டாள்.

பியட்றிஸ் பலகைக்குப் பக்கத்தில் தொங்கிய நாட்காட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஜூன் இருபதிலிருந்து அக்டோபர் முடியும் வரை சனிக்கிழமைகளின்மேல் விரல் வைத்து, எத்தனை வாரம் என்று எண்ணினாள்.

“பத்தொன்பது கிழமை இருக்கம்மா,” என்றாள். “கிழமைக்கு ஒண்டு குறைச்சால் காணும். மூண்டு கிழமை மிச்சம்.”

அபே பெர்னார் என்னவென்று கேட்க, ஜெர்மேன் சொன்னாள். அவர் பேனாவின் மூடியைத் திறந்து, முதல் வகுப்புப் பட்டியலின் கடைசி வரியில் அந்தப் பெயரை எழுதத் தொடங்கினார்.